மண்டபத்து ஜெனரேட்டருக்கு எந்த பேட்டரி? நாலு வருஷ அனுபவம்

திருப்பரங்குன்றம் பக்கம் பெரியப்பாவுக்கு ஒரு கல்யாண மண்டபம், நிர்வாகம் என் பொறுப்பு. அங்கே நிற்பது 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், 12 வோல்ட் செல்ஃப் ஸ்டார்ட். முகூர்த்த நேரத்தில் ஈபி கரண்ட் போய், ஜெனரேட்டரும் ‘டிக்’கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுக்கும் பதில் சொல்வது நான்தான். அதனால் பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன்.

இப்போது ஓடுவது லாரி, டிராக்டருக்குப் போடுகிற ரகம். 100 ஏஎச், மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற மாடல். நாலு வருஷம் தாண்டியும் செல்ஃப் தொய்வில்லாமல் அடிக்கிறது.

வாங்கப் போனபோது கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 150 ஏஎச் டியூபுலர், அதாவது இன்வெர்ட்டர் பேட்டரி. “சார், இது அதைவிடப் பெருசு, ரொம்ப நாள் உழைக்கும்” என்றார். கூட வந்த மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணே, ஏஎச்-ங்கிறது எவ்வளவு நேரம் தாங்கும்ங்கிற கணக்கு. நமக்கு வேண்டியது அஞ்சு செகண்டுக்கு ஒரே அடி. இது அந்த அடி அடிக்காது.”

அவர் சொன்னது சரி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியும், சூடும் சிலிண்டர் சுவரோடு போய்விடும், புகைதான் மிச்சம். வேகமாகச் சுற்ற சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருப்பது அதற்காகத்தான். டியூபுலரில் தகடு தடிமன். மணிக்கணக்கில் ஃபேன், லைட் ஓட்ட அது அருமை.

ஏஎச்-சை விட சிசிஏ என்கிற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல், 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது அது. மார்கழிக் காலைக்கே மப்ளர் சுற்றுகிற ஊரில் மைனஸ் 18 எதற்கு என்று கேட்கலாம். இரண்டு பேட்டரியை ஒப்பிட அதைவிட நேர்மையான எண் இல்லை. இன்ஜின் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் குறையாமல் வாங்கினால் போதும்.

நம் ஊரில் பேட்டரியைத் தின்பது வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40 டிகிரி, ஜெனரேட்டரை மூடியிருக்கிற கனோப்பி பெட்டிக்கு உள்ளே கேட்கவே வேண்டாம். பேட்டரியை வெளியே எடுத்து, ஒட்டினாற்போல் நிழலில் ஸ்டாண்டு போட்டு வைத்தோம். தூரம் கூடினால் கேபிளில் வோல்டேஜ் விழும், அதனால் ஒயரையும் தடிமனாக மாற்றினோம். சார்ஜரை கோடையில் 13.6-லிருந்து 13.3 வோல்ட்டுக்கு இறக்கி வைக்கிறேன். தண்ணீர் வற்றுவது கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது.

அடுத்த வில்லன் ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, மண்டபம் பூட்டிக்கிடக்கும். பில் மிச்சமாகட்டும் என்று வாட்ச்மேன் அண்ணன் மெயினை அணைத்துவிடுவார். சார்ஜரும் சேர்ந்து அணையும், கரண்ட் போனால் ஜெனரேட்டரைத் தானாக ஓட வைக்கிற ஆட்டோ பேனல் மட்டும் பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் போனால் பேட்டரி 12 வோல்ட்டுக்கும் கீழே. அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். இப்போது ஆடியிலும் மார்கழியிலும் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுகிறோம். நடுவில் ஒருநாள் போய்ச் சார்ஜ் ஏற்றினால் சரி.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பேன். சும்மா இருக்கும்போது 12.6. பையன் பட்டனை அழுத்தும்போது முள் சரேலென்று விழுந்து 10.4-ல் நிற்கும், புதிதில் 10.8 காட்டியது. அது 9.6-ஐத் தொட்டால் இந்தப் பேட்டரிக்கு ஓய்வு கொடுத்துவிடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் (குடிக்கிற கேன் தண்ணியை ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது!). டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும், வெந்நீர் விட்டுத் துடைத்து வாஸ்லின் தடவ வேண்டும். இதெல்லாம் முடியாதவர்கள் மூடின ரகம் வாங்கலாம், ஆனால் இந்த வெயிலில் தண்ணீர் போனால் திரும்ப ஊற்ற வழியில்லாத பேட்டரியை நான் நம்புவதில்லை. எரிச்சலான சமாச்சாரம் வாரண்டி. வண்டிக்கு மட்டும்தான், ஜெனரேட்டருக்குச் செல்லாது என்று கார்டில் பொடி எழுத்தில் இருந்தது. பணம் கட்டும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

தயாரித்த மாதத்தையும் பாருங்கள், கடையில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த சரக்கு வேண்டாம். பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாமல் புதுசு வாங்குகிற இடத்திலேயே கொடுங்கள், ஈயத்தின் எடைக்கு விலையில் கழித்துக்கொள்வார்கள்.