வானியல் பிஎச்.டி.: பல்கலைக்கழகத் துறையா, ஆய்வு நிறுவனமா?

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து வானியலில் பிஎச்.டி. பண்ண நினைப்பவர்களுக்கு நம் நாட்டில் இரண்டு வழி. ஒன்று, பெங்களூரு ஐஐஏ (இந்திய வானியற்பியல் நிறுவனம்), புனேயில் இருக்கும் ஐயூகா (பல்கலைக்கழகங்களுக்கான வானியல் மையம்), என்சிஆர்ஏ (தேசிய ரேடியோ வானியற்பியல் மையம்) மாதிரியான ஆய்வு நிறுவனங்கள். இன்னொன்று, பல்கலைக்கழக இயற்பியல் துறை. நான் இரண்டாவதில் சேர்ந்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று தாண்டிவிடலாம். நூலகம், கணினி, விடுதி எல்லாவற்றிலும் நிறுவனம்தான் மேல். நுழைவுத் தேர்வைத் தாண்டி உள்ளே போய்விட்டால் உதவித்தொகைக்கும் கவலையில்லை. பல்கலைக்கழகத்துக்கு நெட்-ஜேஆர்எஃப் (தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை) கையில் இல்லாமல் போகாதீர்கள். 2023 முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். அது இல்லையென்றால் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதற்கும் உத்தரவாதம் கிடையாது.

உண்மையான கேள்வி தொலைநோக்கி. "துறையில் சேர்ந்தால் டெலஸ்கோப்புக்கு எங்கே போவாய்?" என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கேயும் போக வேண்டாம் என்பதுதான் பதில். லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை ஐஐஏக்காரர்களே பெங்களூரு பக்கத்து ஹொஸ்கோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத்தான் ஓட்டுகிறார்கள். அதில் நேரம் கேட்டு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். புனேக்கு வடக்கே இருக்கும் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியிலும் அப்படித்தான்: 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள், ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம், வெளிநாட்டுக்காரர்களும் போட்டியில். எந்தப் பொருளை, எந்த அலைவரிசையில், எத்தனை மணி நேரம், ஏன் பார்க்க வேண்டும் என்பதைச் சில பக்கங்களில் நியாயப்படுத்த வேண்டும். அந்த நியாயம் நின்றால் நேரம் கிடைக்கும். பழைய தரவு போதுமென்றால் அந்த விண்ணப்பமும் தேவையில்லை. ஜிஎம்ஆர்டி, விண்வெளித் தொலைநோக்கிகளான ஆஸ்ட்ரோசாட், கையா எல்லாவற்றின் காப்பகமும் திறந்தே கிடக்கிறது.

ஆக, தரவில் இரு பக்கமும் சமம். வித்தியாசம் தரவு கைக்கு வந்த பிறகுதான் ஆரம்பம். ஜிஎம்ஆர்டி தரவென்றால், அளவுத்திருத்தத்துக்குப் பிரகாசம் நன்றாகத் தெரிந்த 3சி286 என்ற வானப் பொருள், நடுநடுவே பக்கத்து ஃபேஸ் காலிபரேட்டர் (அலையின் கட்டப் பிழையைச் சரிசெய்ய உதவும் இன்னொரு பொருள்), செல்போன் சிக்னல் புகுந்த அலைவரிசைச் சேனல்களைத் தேடித் தேடி வெட்டுவது, அன்றிரவு சரியாக ஓடாத ஆன்டெனாக்களைக் கழிப்பது. இத்தனைக்குப் பிறகும் படத்தில் பிரகாசமான பொருளைச் சுற்றிக் கோடு கோடாக வந்தால், என்சிஆர்ஏ மாணவன் அடுத்த அறைக் கதவைத் தட்டுவான். துறையில் எனக்கு அந்தக் கதவு இல்லை. ரேடியோ வானியல் தெரிந்தவர் என் கைடு ஒருவர்தான், அவருக்கோ வகுப்பு, விடைத்தாள், மீட்டிங்.

இருந்தும் துறைப் பக்கம் ஏன் நிற்கிறேன்? அந்தக் கோட்டோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியவனுக்கு, தரவின் ஒவ்வொரு படியும் எதற்கென்று தெரிந்துவிடுகிறது. எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பாடமும் ஆய்வகமும் எடுக்கும் பழக்கம் இன்னொரு லாபம். கல்லூரி வேலையைக் குறிவைப்பவர்களுக்கு அது கண்டிப்பாக உதவும். தனிமைக்கும் ஒரு வழி உண்டு. பல்கலைக்கழகங்களுக்காகவே 1988இல் யூஜிசி தொடங்கியது ஐயூகா. கைடு அங்கே அசோசியேட்டாக (அவ்வப்போது போய் வேலை பார்க்க அனுமதி பெற்ற பல்கலைக்கழக ஆசிரியராக) இருந்தால் அவரோடு மாணவரும் போய்த் தங்கி வேலை பார்க்கலாம். எனக்குக் கிடைத்த "அடுத்த அறை" அதுதான்.

கருவி வடிவமைப்பில் ஆசை உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அதில் எனக்கு அனுபவமில்லை. பட்டறையும் பொறியாளர்களும் இருக்கும் நிறுவனமே நல்லது என்று தோன்றுகிறது. தியரிக்காரர்களுக்கு இந்தத் தொலைநோக்கிக் கணக்கே பொருந்தாது.

நிறுவனத்தில் முதல் வருடம் பாடம் படித்துக்கொண்டே கைடைத் தேர்ந்தெடுக்கலாம். துறையில் அந்த அவகாசம் அநேகமாகக் கிடைக்காது. அதனால் சேரும் முன்பே அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது தொலைநோக்கி நேரம் வாங்கினீர்கள் சார், ஐயூகா அசோசியேட்டா, எந்த வருடம் ஓய்வு. மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் அலுவலகத்தில் விசாரியுங்கள். நடுவில் அவர் ஓய்வு பெற்றால், உங்கள் தலைப்பைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட அந்தத் துறையில் வேறு ஆள் இருக்கமாட்டார்.