ஏற்காட்டு வீட்டு ஜன்னலில் பூஞ்சணம்: மூன்று வருட அனுபவம்

சேலத்தில் இருந்தவரை ஜன்னல் என்றால் வெயிலுக்குத் திரை போடும் இடம், அவ்வளவுதான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குக் குடிவந்த முதல் ஐப்பசியிலேயே படுக்கையறை ஜன்னல் சட்டத்தில் மிளகுத்தூளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். துடைத்தேன், போனது. பத்தே நாளில் திரும்பியது. அத்தைக்கு ஏற்கெனவே இளைப்பு. “கண்ணு, மறுபடியும் கறுத்திருச்சு பாரு” என்று அவர் இருமிக்கொண்டே சொன்னபோது பயந்துவிட்டேன்.

முதலில் செய்த தப்பு, மேலேயே பெயின்ட் அடித்தது. இரண்டே மாதத்தில் உரிந்துவிட்டது. அடுத்து பிளீச்சிங் பவுடர். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் நன்றாக இருந்தது. மரத்தில் நிறம் மட்டும் வெளுத்தது. உள்ளே இறங்கிய பூஞ்சை அப்படியே இருந்ததால் மூன்று வாரத்தில் மறுபடி முளைத்தது. ஒன்று முக்கியம்: பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் என்ற நச்சு வாயு வரும்.

எனக்குக் கைகொடுத்தது வெள்ளை வினிகரும் வெண்காரமும் (போராக்ஸ்). முகத்தில் மாஸ்க், கையில் உறை. தண்ணீர் கலக்காத வினிகரைத் தெளித்து ஒரு மணி நேரம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். உலர்ந்தபடியே தேய்த்தால் பூஞ்சைத் தூள் அறை முழுக்கப் பறக்கும். துடைத்துக் காயவிட்ட பிறகு, ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி வெண்காரம் கரைத்துப் பூசி, கழுவாமல் விட்டுவிடுவேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும்போது வெண்காரம் வாங்கி வருவேன். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் வேர்க்காரணம் ஒருநாள் காலை ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஒரு முத்து இன்னொன்றோடு சேர்ந்து, கோடாக இறங்கி, சட்டத்தின் மூலையில் போய்த் தேங்கியது. விரல் வைத்தால் மரம் ஊறிப்போய் மெத்தென்று அமுங்கியது. நாங்கள் விட்ட மூச்சும், அறைக்குள் உலர்த்திய துணியின் ஈரமும் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகின்றன. போதாததற்கு, சட்டத்தை மாட்டியவர் அடிக்கட்டையை உள்பக்கம் சாய்த்து வைத்திருந்தார். அதைக் கழற்றி, வெளிப்பக்கம் சாயும்படி மாட்டி, இடுக்கில் சிலிக்கோன் பசை அடைத்தோம்.

அன்றிலிருந்து எழுந்ததும் காப்பிக்கு முன்னால் பருத்தித் துணியால் கண்ணாடியையும் மூலையையும் துடைத்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. எந்த மருந்தையும்விட இதுதான் பலன் தந்தது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கினேன். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மூடுபனி இறங்கும்போது ஜன்னலைத் திறந்தால் எண் ஏறுகிறது. அதனால் பதினொரு மணிக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். துணி காய்வது இப்போது தாழ்வாரத்தில்தான்.

இந்த மழைக்காலத்தில் படுக்கையறைச் சட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. குளியலறை ஜன்னல்தான் இன்னும் மாதம் ஒருமுறை கறுக்கிறது. அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி வைத்தாயிற்று, மாட்ட ஆள் வரவேண்டும்.