ஆக்டிவ் ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும்: ஒரு ஹாலில் பல ஆண்டு அனுபவம்

வசனம் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டுவதும், சண்டைக் காட்சி வந்ததும் பதறிப்போய்க் குறைப்பதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பதுதான். பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர்களோடு பல ஆண்டுகள் படம் பார்த்தபின் உறுதியாகச் சொல்கிறேன்: அவற்றால் கிடைக்கும் முதல் பயன் வசனத் தெளிவு. அதிரும் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அதற்கு அடுத்ததுதான். அந்த பேஸும், அதற்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டியின் விலையைவிட, அதை எங்கே வைக்கிறோம், நாம் எங்கே உட்காருகிறோம் என்பதைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது.

சென்னை அடுக்குமாடி வீட்டின் ஹாலில் முன்பக்கம் மூன்று யமஹா எச்.எஸ்.5 வைத்திருக்கிறேன். இவை ஸ்டுடியோவுக்கான ஸ்பீக்கர்கள். சாதாரண ஸ்பீக்கரில், டிவி ஒலியை வாங்கிப் பல ஸ்பீக்கர்களுக்குப் பகிர்ந்து தரும் ரிசீவரின் ஆம்ப்ளிஃபயர் பெருக்கி அனுப்பும் சிக்னலைப் பெட்டிக்குள் இருக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று பிரிக்கின்றன. ஆக்டிவ் ஸ்பீக்கரில் சிக்னல் பெருக்கப்படுவதற்கு முன்பே பிரிந்து, தாழ்ந்த ஒலிக்கான வூஃபருக்கும் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போகிறது. எச்.எஸ்.5-இல் இந்தப் பிரிவு 2 கிலோஹெர்ட்ஸில் நடக்கிறது; 5 அங்குல வூஃபருக்கு 45 வாட், ட்வீட்டருக்கு 25 வாட். ஆயிரக்கணக்கில் வாட் போட்டு விற்கும் பெட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். என் ஹாலில் பாதி ஒலிக்கு மேல் போக வேண்டிய தேவையே வந்ததில்லை. ஒரு பெட்டியில் மட்டும் ஆம்ப்ளிஃபயர் இருந்து, அதிலிருந்து மற்றதற்கு ஒயர் போகும் ஜோடிகளையும் கடைகளில் ‘ஆக்டிவ்’ என்றே விற்கிறார்கள். வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நடு ஸ்பீக்கரும் இடம் வலத்தைப் போலவே அதே மாடலாக, நிமிர்ந்து நிற்பதுதான் இந்த அமைப்பின் உயிர். அதற்காகவே டிவியைச் சுவரில் சற்று உயர்த்தி மாட்டினேன். படுக்கை வாட்டில் இரண்டு வூஃபர்களை அருகருகே கொண்ட சென்டர் ஸ்பீக்கர்களில், சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்குக் குரல் மெலிந்து கேட்பதுண்டு. இங்கே ஓரத்தில் உட்காரும் அம்மாவுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. ஒரு பாத்திரம் பேசிக்கொண்டே திரையைக் கடந்தால் குரலின் நிறம் மாறுவதில்லை. சுவரை ஒட்டி வைத்ததால் ஆண் குரல்கள் கொஞ்சம் தடித்தன. பின்பக்கம் இருக்கும் ‘ரூம் கன்ட்ரோல்’ சுவிட்சை -2 டெசிபலுக்குத் தள்ளியதும் அந்தக் கனம் இறங்கியது.

ஆக்டிவ் ஸ்பீக்கருக்குப் பெருக்காத சிக்னல்தான் வேண்டும் என்பதால், ரிசீவர் வாங்கும்போது அதை வெளியே தரும் ‘ப்ரீ-அவுட்’ எல்லாச் சேனல்களுக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த பல மாடல்களில் சப்வூஃபருக்கு மட்டுமே இருக்கும்.

எல்லாவற்றையும் இணைத்த அன்று ஸ்பீக்கர்களிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓயாத முனகல் கேட்டது. செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றியதும் அது நின்றுவிட்டது. வெளியிலிருந்து வரும் கேபிளின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் மோதுவதால் வரும் சத்தம் அது. அந்த எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டரைக் கேபிளில் போட்டு, எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுத்ததும் தீர்ந்தது. இதற்கு எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்த ஒரு கம்பிதான்.

சப்வூஃபர் 10 அங்குலம், மூடிய பெட்டி. எச்.எஸ்.5 சுமார் 74 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடுவதால், வழக்கமான 80-க்குப் பதிலாக ரிசீவரில் 90 ஹெர்ட்ஸில் பிரித்து, அதற்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்புகிறேன். ஹாலின் நீளம் 4.3 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுவதால் 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர் வரும். ஹால் அதில் சரிபாதி. ஆகவே அந்த ஒலி இரு சுவர்களுக்கு இடையே நகராத அலையாக நின்றுவிடுகிறது: சுவரோரம் பெருத்தும், நடுவில் ஏறக்குறைய இல்லாமலும். என் சோபா இருந்ததோ நட்டநடுவில். பேஸ் கிதார் படிப்படியாக இறங்கும் ஒரு பழைய பாட்டைப் போட்டால், கீழே போகும்போது ஒரு சுரம் மட்டும் அப்படியே மறைந்துவிடும். வேண்டிய சுரத்தை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்வலைசரில் அந்த இடத்தை ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் திணறுமே தவிர, அந்தச் சுரம் திரும்பாது. சோபாவைப் பின்சுவர்ப் பக்கமாக இரண்டடி நகர்த்தினேன், சுரம் வந்துவிட்டது.

பிறகு சப்வூஃபரையே சோபாமேல் தூக்கிவைத்து அதே பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து காதால் தேடினேன். எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்ட இடம் இடப்பக்க மூலையிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. பெட்டி இன்றும் அங்கேதான் நிற்கிறது. எஞ்சியிருந்த ஒரு மேட்டை, அதாவது மற்றவற்றைவிடப் பெருத்துக் கேட்ட ஓர் இடத்தை, ‘ரூம் இ.க்யூ. விஸார்ட்’ என்ற இலவச மென்பொருளால் அளந்து குறைத்தேன். மேடுகளைக் குறைக்க ஈக்வலைசர் நன்றாகவே உதவும். அடியில் வைத்த ரப்பர் பட்டைகள் தரை அதிர்வைக் குறைத்தன. ஆனால் காற்றில் பரவும் பேஸை அவை தடுப்பதில்லை. இரவு பத்து மணிக்குமேல் சப்வூஃபரைப் பாதியாகக் குறைப்பது கீழ்வீட்டுப் பெரியவருக்கு நான் கொடுத்த வாக்கு.

ஆக்டிவ் கருவிகளின் பலவீனமும் சப்வூஃபரில்தான் தெரிந்தது. ஒரு கோடையில் அது திடீரென்று ஊமையானது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே சூட்டிலும் அதிர்விலும் வாழ்கிறது. ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதும் அதன் ஒரு பகுதிக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுவனத்தின் சேவை மையம் முழு சர்க்யூட் பலகையையும் மாற்றச் சொன்னது. அந்த விலைக்குப் பாதி சப்வூஃபரே வாங்கிவிடலாம். ரிச்சி தெருவில் ஒரு பழுதுபார்ப்பவர் பலகையைத் திறந்து, தலை உப்பியிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களை விரலால் தொட்டுக் காட்டினார். 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர்களாக மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து படம் முடிந்ததும் ஸ்டாண்ட்பையை நம்பாமல் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறேன். சப்வூஃபர் இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது.