ஹோம்புஷா, பெண்டில் ஹில்லா, மாஸ்டன் பார்க்கா? சிட்னிக்குக் குடும்பத்தோடு போகிற திருமலைக்காரருக்கு

போன கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு குடும்பம் உவர்மலையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தது. நிரந்தர வதிவிட விசா கிடைத்துவிட்டது, தை மாதம் சிட்னிக்குப் பயணம். மகள் ஐந்தாம் வகுப்பு, மகனுக்கு ஐந்து வயது. தேத்தண்ணி வரும் முன்னமே அந்தத் தம்பி போனில் வரைபடத்தைத் திறந்து என் கையில் தந்துவிட்டார்.

"எங்க அண்ணா வீடு எடுக்கிறது? மாமா ஹோம்புஷ் எண்டுறார். கூடப் படிச்ச பெடியன் மாஸ்டன் பார்க் எண்டுறான். எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்ல."

நான் 2018 இல் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போய் ஏழு வருடம் அங்கே இருந்தவன். அம்மாவுக்கு ஏலாமல் வந்ததால் இப்போது ஊரோடு. முதல் ஏழு மாதம் மாஸ்டன் பார்க்கில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பக்கத்தில் இருந்தோம். மிச்சக் காலம் முழுக்கப் பெண்டில் ஹில். என் மச்சாள் குடும்பம் இன்றைக்கும் ஹோம்புஷில்தான். ஆகவே மூன்று இடத்தையும் படியேறிப் பார்த்த பழக்கத்தில் எழுதுகிறேன். என் தீர்ப்பு பெண்டில் ஹில், ஏன் என்று சொல்கிறேன்.

அந்தத் தம்பியிடம் நான் முதலில் கேட்டது வாடகையைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ அல்ல. "உங்கட வீட்டில கார் ஓடத் தெரியாத ஆள் ஆர்?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்தத் தங்கச்சி உப்புவெளியிலிருந்து ஸ்கூட்டியில் வேலைக்குப் போய், பிள்ளைகளை ஏற்றி, சந்தைக்குப் போய் மீன் வாங்கி, கோயிலுக்கும் போய்விட்டு இருட்டுமுன் வீடு திரும்புகிறவர். சிட்னியில் இறங்கிய மறுநாள் அந்த ஸ்கூட்டி இல்லை. முதல் வீட்டை அவருடைய கால் நடைக்கு எடுக்க வேண்டும், கணவனுடைய காருக்கு அல்ல. நான் இதைப் படித்தது என் மனைவியின் ஏழு மாதத்தைச் செலவழித்து.

மாஸ்டன் பார்க் வடமேற்கில், வயல்வெளியாகக் கிடந்த நிலத்தில் அண்மைக்காலத்தில் எழும்பிய குடியிருப்பு. வீடுகள் புத்தம் புதியவை. நான்கு அறை, இரண்டு கார் நிறுத்துமிடம், சமையலறையில் வெள்ளைக் கல். படத்தை ஊருக்கு அனுப்பினால் எல்லாரும் சந்தோசப்படுவார்கள். ஐக்கியாவும் கொஸ்கோவும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் ரயில் நிலையம் இல்லை. ஸ்கோபீல்ட்ஸ் நிலையத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும், அந்த பஸ்ஸும் பகலில் அடிக்கடி வராது. இளையவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, நிழலுக்கு ஒரு மரமில்லாத தரிப்பிடத்தில் மனைவி நின்ற நிலையை நான் ஒருநாள் லீவில் நின்றபோதுதான் கண்ணால் கண்டேன். அதுவரைக்கும் "பின்னேரம் நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வருகிற எனக்கு அந்த வீடு சொர்க்கம். பகல் முழுக்க அதற்குள் இருந்தவருக்கு அப்படி இருக்கவில்லை. தமிழ் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவர்கள்.

வடமேற்குத்தான் வேண்டுமென்றால் நிலையத்தை ஒட்டி எடுங்கள்: ஸ்கோபீல்ட்ஸ், அல்லது டல்லவாங். டல்லவாங்கிலிருந்து சட்ஸ்வூட் வரையான மெட்ரோ 2019 மே மாதம் திறந்தது. 2024 ஓகஸ்ட்டில் அது நகர மையம் தாண்டி சிடன்ஹாம் வரை நீண்டது. உங்கள் வேலை மக்குவாரி பார்க் பக்கம் கிடைத்தால் அந்த மெட்ரோவை வெல்ல வேறு வழியில்லை. அந்த ஒரு நிலைமையில் என் தீர்ப்பை நானே மாற்றிக்கொள்வேன்.

ஹோம்புஷ் இதற்கு நேர் எதிர். நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர்தான். நிலையத்தை விட்டு இறங்கினால் தமிழ்க் கடை, சாப்பாட்டுக் கடை. புட்டும் கொத்து ரொட்டியும் தேடி அலையத் தேவையில்லை. ஒரு நிலையம் தள்ளினால் ஸ்ட்ரத்பீல்ட், அங்கிருந்து எந்தத் திசைக்கும் ரயில் மாறலாம். மற்றப் பக்கம் பிளமிங்டன் சந்தை. சனிக்கிழமை விடியவே போனால் மரக்கறி பெட்டிக்கணக்கில் வாங்கலாம். கார் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டக்கூடிய இடம் என்று கேட்டால் இதுதான் முதலாவது.

அப்படியென்றால் ஏன் நான் ஹோம்புஷ் என்று சொல்லவில்லை? வீடுதான் காரணம். உங்கள் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அறைப் பிளாட். மச்சாளின் பிளாட் மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில் மேல்மாடி, லிப்ட் கிடையாது. என் அம்மா 2019 இல் வந்து நின்ற மூன்று மாதத்தில் அந்த வீட்டுக்கு இரண்டு தரம்தான் போனார். முழங்கால் விடவில்லை. பிள்ளைகள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு. பல்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று பல கட்டடங்களில் விதியே உண்டு. முற்றத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு "மெதுவா நட, மெதுவா நட" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்க வேண்டி வரும். ஒரு பிள்ளை, இருவருக்கும் நகருக்குள் வேலை என்றால் ஹோம்புஷ் நல்ல தெரிவு. இரண்டு பிள்ளைகளும், வந்து போகிற அம்மா அப்பாவும் என்றால் நெருக்கடி.

மிச்சம் இருப்பது பரமட்டாவுக்கு மேற்கே ரயில் பாதையோடு வரிசையாக வருகிற ஊர்கள்: வெஸ்ட்மீட், வென்ட்வேத்வில், பெண்டில் ஹில், துங்காபி. இவை ஒவ்வொன்றும் அடுத்தடுத்த நிலையம். நான் பெண்டில் ஹில்லைச் சொன்னாலும் வென்ட்வேத்வில்லுக்கும் துங்காபிக்கும் இதே கணக்குத்தான். நகர மையம் 30 கிலோமீற்றர் அளவு தூரம், ரயிலில் முக்கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோம்புஷில் பிளாட்டுக்குக் கொடுக்கிற கிழமை வாடகைக்கு நான் இருந்த காலத்தில் இங்கே மூன்று அறையும் பின்வளவும் உள்ள பழைய தனி வீடு கிடைத்தது. நாங்கள் அந்தப் பின்வளவில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்தோம். முருங்கை முதல் குளிருக்கு இலை கொட்டியது, பிறகு பிழைத்தது.

வெஸ்ட்மீட்டில் பெரியாஸ்பத்திரியும் சிறுவர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு இழுப்பு வந்தபோது அந்தத் தூரத்தின் அருமை தெரிந்தது. மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில் 1999 இலிருந்து இருக்கிறது. வென்ட்வேத்வில்லிலும் ஹோம்புஷிலும் வார இறுதித் தமிழ்க் கல்வி நிலையங்கள் நடக்கின்றன. தமிழை அங்கே உயர்தரப் பரீட்சையான எச்.எஸ்.சிக்கும் ஒரு பாடமாக எடுக்கலாம், ஆகவே மகளைப் பதினெட்டு வயது வரை அந்த வகுப்பில் வைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. பழைய வீடுகளில் பல, பைப்ரோ என்று சொல்கிற அஸ்பெஸ்டஸ் கலந்த பலகைச் சுவர். நம் ஊரில் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழேயே வளர்ந்தோம், யோசிக்க மாட்டோம். அவுஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 ஓடு அதை முழுதாகத் தடை செய்துவிட்டார்கள். சாமிப்படம் மாட்டுகிறேன் என்று அந்தச் சுவரில் துளை போடாதீர்கள், ஏஜென்ட்டிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெயில் அடுத்தது. திருமலையில் ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது உதடு வெடிக்கும், ஆனால் பின்னேரம் கடல் காற்று வந்து காப்பாற்றிவிடும். மேற்குச் சிட்னிக்கு உள்நாட்டிலிருந்து வருகிற காற்றும் கச்சானைப் போலத்தான், கடல் காற்றோ அவ்வளவு தூரம் வந்து சேரும்போது களைத்துப் போய்விடும். 2020 ஜனவரி 4 அன்று மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் 48.9 பாகை. அன்று பெண்டில் ஹில்லில் நாங்கள் திரைச்சீலையை எல்லாம் நனைத்துத் தொங்கவிட்டு, பிள்ளைகளைக் குளியல் தொட்டித் தண்ணீரில் இருத்தி வைத்திருந்தோம். கரையோரத்துக்குக் கிட்ட இருக்கும் ஹோம்புஷ் இதில் கொஞ்சம் தப்பும். மாஸ்டன் பார்க்கில் மரம் வளரவில்லை, கூரைகள் கறுப்பு, வீட்டுக்கு வீடு ஒட்டி நிற்கிறது. எங்கே எடுத்தாலும் படுக்கை அறையில் ஏசி இருக்கிறதா என்று பாருங்கள், வரவேற்பறையில் இருக்கிற ஏசி இரவுக்கு உதவாது. குளிர்காலத்தில் இதே வீடுகள் விறைக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

இனிப் பள்ளிக்கூடம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் வழி தவறுகிறார்கள். கிரவீன் பெண்டில் ஹில்லுக்குப் பக்கத்து ஊர். "கிரவீனில வீடெடுத்தால் கிரவீன் ஹைஸ்கூல்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பள்ளிக்கூடம் தேர்வுப் பள்ளி. விலாசத்துக்கு இடம் கிடையாது. ஆறாம் ஆண்டில் எழுதுகிற சோதனையில் எடுக்கிற புள்ளிதான். நம் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி போல நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டன் பார்க்கில் இருந்தும் போகலாம், கிரவீனில் பள்ளி மதிலுக்குப் பக்கத்தில் இருந்தும் கிடைக்காமல் போகலாம். அந்தப் பெயருக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பது வீண். விண்ணப்பம் வழக்கமாக நவம்பரில் தொடங்கிப் பெப்ரவரியில் மூடிவிடும். தை மாதம் போய் இறங்குகிற குடும்பத்தில் ஆறாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளை இருந்தால் பெட்டி அவிழ்க்க முன்னம் அதைப் பாருங்கள்.

விலாசம் முடிவு செய்வது சாதாரண அரசாங்கப் பள்ளிக்கூடத்தை. உங்கள் வீடு எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பள்ளி உங்கள் பிள்ளையை எடுத்தே ஆக வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் கல்வித் திணைக்களத்தின் இணையத் தேடலில் விலாசத்தைப் போட்டால் பள்ளியின் பெயர் வரும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் இன்னொன்று என்றும் வரும். ஆகவே வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னம் இலக்கத்தோடு தேடிப் பாருங்கள். ஜூலை 31க்குள் ஐந்து வயது நிரம்பும் பிள்ளைக்கு அந்த வருட ஆரம்பத்திலேயே கிண்டர்கார்டன் தொடங்கும், அந்தத் தம்பியின் மகனுக்கு இது சரியாக வருகிறது.

வீடு எடுக்கும் முறையும் நமக்குப் புதிது. வாடகை கிழமைக் கணக்கு. பொண்ட் என்கிற வைப்புப் பணம் நான்கு கிழமை வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அது வீட்டுக்காரர் பொக்கற்றுக்குப் போகாமல் அரசாங்கத்திடம் இருக்கும். சனிக்கிழமை கால் மணித்தியாலம் வீட்டைத் திறந்து காட்டுவார்கள், இருபது குடும்பம் வரிசையில் நிற்கும். புதிதாக வந்தவருக்கு அங்கே வாடகைச் சரித்திரம் இல்லை என்பதால் எங்கள் முதல் ஐந்து விண்ணப்பத்துக்கும் பதிலே வரவில்லை. ஆறாவது வீட்டுக்கு வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு, இங்கே நாங்கள் இருந்த வீட்டுக்காரர் எழுதித் தந்த கடிதம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தோம். கிடைத்தது. நீங்கள் போகும்போது அந்தக் கடிதத்தை இங்கேயே ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

கார் அனுமதிப்பத்திரம் பற்றி ஒரு சொல். நிரந்தர வதிவிடக்காரர் நம் இலங்கைப் பத்திரத்தில் மூன்று மாதம்தான் ஓடலாம். அதற்குள் எழுத்துச் சோதனை, ஓட்டச் சோதனை இரண்டும் சித்தியடைய வேண்டும். ஓட்டச் சோதனையில் தவறினால் அன்றோடு இலங்கைப் பத்திரத்தில் ஓடுவதும் முடிந்தது, பழகுநராகத் திரும்பத் தொடங்க வேண்டும். வடமேற்கில் வீடு எடுத்த எத்தனையோ பேர் அந்தச் சோதனையில் தவறிவிட்டு, பால் வாங்கவும் அயலவரைக் கேட்டு நின்றதைக் கண்டிருக்கிறேன்.

இத்தனையும் சொல்லி, பெண்டில் ஹில் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் என்று அவருடைய வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். வேலை மக்குவாரி பார்க் என்று வந்தால் டல்லவாங். இரண்டு வருடம் கழித்து, இருவரும் கார் ஓடத் தொடங்கிய பிறகு, பெரிய வீடு தேடி வடமேற்குக்குப் போகலாம். என் கூட்டாளிகள் பலர் அப்படித்தான் போனார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த அந்தத் தங்கச்சி அப்போதுதான் கேட்டார்: "கடல் எவ்வளவு தூரம் அண்ணா?"

மூன்று இடத்திலும் கடல் சத்தம் கேட்காது என்று உண்மையைச் சொன்னேன். பெண்டில் ஹில்லில் ரயில் ஏறி சேர்குலர் கீயில் இறங்கி, மான்லிக்கு அரை மணித்தியாலப் படகு. வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் ஒரு நாளில் எத்தனை தரம் ஏறினாலும் ஒருவருக்கு அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் மற்ற நாளின் பாதியளவுதான், ரயிலும் படகும் அதற்குள் அடங்கும். துறைமுக வாயிலைத் தாண்டும்போது பெருங்கடல் அலை படகைத் தூக்கிப் போடும். என் மனைவி அந்த இடத்தில் எப்போதும் வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.