பழைய கட்டடம்: மாற்றிப் பயன்படுத்துவதா, இடித்துக் கட்டுவதா?

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மின்செலவு குறையும் என்பார்கள். சரிதான், ஆனால் அந்தச் சேமிப்பு பல ஆண்டுகளில் மெல்ல மெல்லத்தான் கைக்கு வரும். புதுக் கட்டடத்துக்கான பொருள்களால் வரும் புகையோ கட்டும்போதே வெளியேறிவிடுகிறது. சிமென்ட் தயாரிக்கச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். எரிபொருள் புகை போதாதென்று கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளிவருகிறது. பழைய சுவரையும் தளத்தையும் தக்கவைத்தால் அந்தப் புகையில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

இடித்தாலும் செங்கல்லை மறுபடி பயன்படுத்தலாமே என்றால், அது சாந்தைப் பொறுத்தது. சுண்ணாம்புச் சாந்து என்றால் தட்டினாலே கல் முழுசாகக் கழன்று வரும். சிமென்ட் சாந்து என்றால் பெரும்பாலும் கல்தான் உடையும். கான்கிரீட் ஜல்லியாகிச் சாலைக்கு அடியில் போய்விடும்.

பழையதை மாற்றுவதிலும் சிக்கல் உண்டு: தீப் பாதுகாப்பு விதி, லிஃப்ட், சாய்தளம். அப்புறம் ஈரம். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். விவரம் தெரிந்த கொத்தனார் வேண்டும். ஆனாலும் பாரிஸில் 1900இல் திறந்த ஒர்சே ரயில் நிலையம் 1986 முதல் அருங்காட்சியகம். லண்டனின் பேங்க்சைடு மின்நிலையம் 2000 முதல் டேட் மாடர்ன் கலைக்கூடம். அஸ்திவாரம் உறுதியாக இருக்கிறதென்று பொறியாளர் சொன்னால், என் ஓட்டு மாற்றிப் பயன்படுத்துவதற்கே.