டாம் வில்ஸ் நடைச் சுற்றுலா: பாதிக் கதைதான் கிடைத்தது

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே, ஆஸ்திரேலியக் கால்பந்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸின் சிலை இருக்கிறது. பந்துக்கு முட்டி மோதும் இரண்டு பையன்கள், கூடவே நடுவராக வில்ஸ். 1858 ஆகஸ்டில் ஸ்காட்ச் கல்லூரி, மெல்பர்ன் கிராமர் என்ற இரண்டு பள்ளிகள் பக்கத்துக்கு 40 பேராக, மூன்று சனிக்கிழமை ஆடியும் முடிவு தெரியாத ஆட்டம் அது. வழிகாட்டி அதைச் சொன்ன விதத்துக்கே காசு கொடுக்கலாம். 1859 மே மாதம் வில்ஸும் நண்பர்களும் இந்தக் கால்பந்துக்கு ஆட்ட விதி எழுதிய கதையும் ஜோர்.

அப்புறம்தான் சறுக்கல். 1861இல் குயின்ஸ்லாந்தில் வில்ஸின் அப்பா உட்பட 19 பேர் பழங்குடியினரால் கொல்லப்பட்டார்கள். பதிலடியில் செத்த பழங்குடியினர் அதைவிட ஏராளம். ஐந்தே வருடத்தில் அதே வில்ஸ் பழங்குடியினர் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி கொடுத்து, இதே மைதானத்தில் இறக்கினார். என்ன மனிதர் இவர் என்று யோசிக்க வைக்கும் இடம். வழிகாட்டியோ ஒரே மூச்சில் கடந்துவிட்டார்! குடியால் சீரழிந்து 1880இல், 44 வயதில், தற்கொலை செய்துகொண்டதைக் கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் கூட வந்ததால் தயக்கமோ என்னவோ.

ஆட்டத்தின் பிறப்பு மட்டும் போதுமென்றால் தாராளமாகப் போகலாம். ஐந்துக்கு மூன்று.