ஒரே வெப் காம்போனென்ட் லைப்ரரி, நான்கு ஃப்ரேம்வொர்க்: எங்கே நேரடியாக, எங்கே ரேப்பரோடு?

ஒரு அணி ரியாக்ட்டில், இன்னொன்று ஆங்குலரில், மூன்றாவது வியூவில் வேலை செய்கிறது என்றால், அதே டயலாக்கையும் டேபிளையும் மூன்று முறை எழுதுவானேன், வெப் காம்போனென்டாக, அதாவது எந்த ஃப்ரேம்வொர்க்கிலும் போடக்கூடிய சொந்த எச்டிஎம்எல் டேகாக, ஒரே முறை எழுதிவிடலாமே என்று தோன்றும். யோசனை சரிதான். லிட், ஸ்டென்சில் போன்ற வெப் காம்போனென்ட் கருவிகளில் எழுதினாலும், ஷூலேஸ் போல ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்தாலும், திரையில் வரவழைப்பது பெரிய வேலையே இல்லை. டேகைப் போட்டால் மீதியை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். தரவு எப்படி உள்ளே போகிறது, இவென்ட் எப்படி வெளியே வருகிறது, ஃபார்ம் அதைக் கண்டுகொள்கிறதா என்று கேட்கும்போதுதான் ஃப்ரேம்வொர்க்குகளின் குணம் தெரியவரும்.

இதில் நெடுங்காலம் முரண்டு பிடித்தது ரியாக்ட்தான். பதிப்பு 18 வரை, கஸ்டம் எலிமென்ட்டுக்கு (அந்தச் சொந்த டேகுக்கு) நாம் தரும் எதையும் ஆட்ரிப்யூட்டாகவே, அதாவது வெறும் எழுத்தாகவே எழுதிவைக்கும். டேபிளுக்கு ஆப்ஜெக்ட்கள் நிறைந்த அரேயைக் கொடுத்தால் ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்ற சொற்கள்தான் போய்ச் சேரும். பட்டனில் டிசேபிள்டுக்கு ஃபால்ஸ் கொடுத்தால் வேடிக்கை இன்னும் அதிகம்: ‘ஃபால்ஸ்’ என்ற எழுத்தோடு ஆட்ரிப்யூட் உட்கார்ந்துகொள்ளும். பூலியன் ஆட்ரிப்யூட் இருந்தாலே ‘ஆம்’ என்றுதான் பொருள் என்பதால், திறக்கச் சொன்ன பட்டன் பூட்டியே கிடக்கும். கஸ்டம் இவென்ட்டைக் கேட்கவும் வழியில்லை. ரெஃப் (எலிமென்ட்டை நேரடியாகத் தொட ரியாக்ட் தரும் பிடி) பிடித்து, கையால் லிஸனர் சேர்த்து, மறக்காமல் நீக்கவும் வேண்டும்.

2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 இதையெல்லாம் சரிசெய்தது. அந்தப் பெயரில் எலிமென்ட்டில் ப்ராப்பர்ட்டி (ஜாவாஸ்கிரிப்ட் மதிப்பை அப்படியே வைக்கும் இடம்) இருந்தால் அதில் வைக்கிறது, இல்லாவிட்டால் ஆட்ரிப்யூட். கஸ்டம் இவென்ட்டுகளையும் நேரடியாகக் கேட்கலாம். ஆனால் சர்வர் ரெண்டரிங்கில், அதாவது பக்கத்தை சர்வரிலேயே உருவாக்கி அனுப்பும்போது, எழுத்தும் எண்ணும் ‘ட்ரூ’ மதிப்பும் மட்டுமே எச்டிஎம்எல்லில் வரும். ஆப்ஜெக்ட்டும் ஃபங்ஷனும் விடுபட்டுவிடும். டேபிளின் வரிசைகள் முதல் எச்டிஎம்எல்லிலேயே இருந்தாக வேண்டும் என்றால் இது சின்ன விஷயமில்லை.

வியூ 3-லும் இதே சோதனைதான்: ப்ராப்பர்ட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும். எந்த டேக் கஸ்டம் எலிமென்ட் என்று கம்பைலர் அமைப்பில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ரியாக்ட், வியூ இரண்டிலும் ஒரே ஓட்டை: காம்போனென்ட்டின் கோடு தாமதமாக லோட் ஆனால், சோதிக்கும் நேரத்தில் அந்த ப்ராப்பர்ட்டி இன்னும் பிறந்திருக்காது, அரே மறுபடி எழுத்தாகிவிடும். வியூவில் ‘ப்ராப்’ என்ற மாடிஃபையரைச் சேர்த்து ப்ராப்பர்ட்டியாகவே வை என்று கட்டாயப்படுத்தலாம். ரியாக்ட்டில் அப்படி ஒரு வசதி இல்லாததால், லைப்ரரியை முதலில் இம்போர்ட் செய்துவிடுவது நல்லது. ஸ்வெல்ட்டும் ஏறத்தாழ வியூ மாதிரிதான். சொல்லும்படியான தொந்தரவு இல்லை.

பைண்டிங்கை, அதாவது தரவையும் இவென்ட்டையும் இணைக்கும் விதத்தை, மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஆங்குலருக்கு. சதுர அடைப்பு போட்டால் ப்ராப்பர்ட்டி, வளைவு அடைப்பு போட்டால் இவென்ட், ஊகமே கிடையாது. இதற்குத் தரும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. தெரியாத டேகை அனுமதிக்கும் கஸ்டம் எலிமென்ட் ஸ்கீமா என்ற அமைப்பைச் சேர்த்தவுடன், அந்த டெம்ப்ளேட்டில் நடுக்கோடு உள்ள எந்த டேகையும் கம்பைலர் தட்டிக்கேட்காது. நம் சொந்த ஆங்குலர் காம்போனென்ட்டின் பெயரைத் தப்பாக அடித்தாலும் சத்தமில்லாமல் போய்விடும். இன்னொன்று ஃபார்ம். கஸ்டம் இன்புட்டில் ஃபார்ம் கண்ட்ரோலை ஒட்டினால், வேல்யூ ஆக்ஸஸர் (ஃபார்முக்கும் இன்புட்டுக்கும் இடையே மதிப்பைக் கடத்தும் துண்டு) இல்லை என்று எரர் அடிக்கும். பெரும்பாலும் அதற்கென ஒரு டைரக்டிவ் (டேகோடு ஒட்டும் ஆங்குலர் கோடு) எழுத வேண்டியிருக்கும்.

அப்படியானால் ரேப்பர், அதாவது வெப் காம்போனென்ட்டை ஃப்ரேம்வொர்க்கின் சொந்தக் காம்போனென்ட் போலக் காட்டும் உறை, எதற்கு? ரியாக்ட் 18-லேயே தங்கியிருப்பவர்களுக்கு அது கட்டாயம். லிட்டுக்கு அதற்கென தனி பேக்கேஜ் இருக்கிறது. ஸ்டென்சில் ரியாக்ட், ஆங்குலர், வியூ மூன்றுக்கும் ரேப்பரைத் தானே உருவாக்கித் தரும், ஆங்குலரின் வேல்யூ ஆக்ஸஸர் உட்பட. ஃபார்ம் நிறைந்த ஆங்குலர் திட்டத்துக்கு நான் யோசிக்காமல் ரேப்பரையே எடுப்பேன். வியூ, ஸ்வெல்ட், ரியாக்ட் 19 மூன்றிலும் நேரடியாகவே போகலாம். ரியாக்ட்டில் டைப்ஸ்கிரிப்ட்டுக்கு டேகின் டைப்பை மட்டும் அறிவித்துவிட வேண்டும். திட்டம் முழுக்க ரியாக்ட் ஒன்றுதான், வேறு அணியே இல்லை என்றால் வெப் காம்போனென்ட் பக்கம் போகவே வேண்டாம். ரியாக்ட்டுக்கென்றே எழுதிய லைப்ரரி போதும்.

ரேப்பராலும் தீராத சிக்கல்கள் உண்டு. டயலாக்குக்குள் இருக்கும் டூல்டிப் மறையும்போது அனுப்பும் ‘ஹைட்’ இவென்ட் மேலே ஏறிவந்து, டயலாக்கே மூடியதாக உங்கள் கோடை நம்பவைக்கும். டார்கெட் யார் என்று பார்த்துவிட்டுத்தான் செயல்பட வேண்டும். அப்புறம் பதிப்பு. டேக் பெயர்களின் பதிவேடு வழக்கமாகப் பக்கம் முழுவதற்கும் பொது. ஒரே பக்கத்தில் இரண்டு அணிகள் லைப்ரரியின் இரண்டு பதிப்புகளை ஏற்றினால், இரண்டாவதாக வந்து அதே பெயரைப் பதிவு செய்யப் பார்ப்பது எரரோடு நிற்கும். சில லைப்ரரிகள் முன்கூட்டியே சோதித்து எரரைத் தவிர்க்கும். அப்போதும் முதலில் வந்த பதிப்புதான் இருவருக்கும் கிடைக்கும். எந்தப் பதிப்பு என்பதை அணிகள் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.